பிளாக் ஃபிளாக் கேட்கப் போகிறவர்களுக்கு

தம்பி தங்கச்சிகளே, ஹார்ட்கோர் பங்க் வெறும் கூச்சல் என்று வீட்டில் சொல்வார்கள். கூச்சல்தான், மறுக்காதீர்கள். ஆனால் பழகிய கூச்சல்.

1. 'நெர்வஸ் பிரேக்டவுன்' இசைத்தட்டில் தொடங்குங்கள். பிளாக் ஃபிளாக் குழு, அதாவது கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச் பையன்கள், 1979இல் வெளியிட்டது. நான்கு பாட்டும் சேர்ந்து ஆறு நிமிடம்கூட வராது. கிட்டார்க்காரர் கிரெக் ஜின், வானொலிக் கருவிகள் விற்க வைத்திருந்த எஸ்.எஸ்.டி. என்ற பெயரிலேயே அதைச் சொந்தமாகப் போட்டார்.

2. பாடகரை விட்டுவிட்டு ஒரு முறை கிட்டாரை மட்டும் கேளுங்கள். ஜின் சுருதியை விட்டு விலகி, வேறேதோ பாட்டை வாசிப்பது போலிருக்கும். கீழே டிரம்ஸும் பேஸும் இறுகப் பிடித்திருப்பதால்தான் அவர் அப்படி அலைய முடிகிறது. மணிக்கணக்கில் ஒத்திகை பார்த்த கூட்டம் அது. கவனமில்லாமல் வாசித்தால் இந்த வேகத்தில் பாட்டு உதிர்ந்துவிடும்.

3. அடுத்து 'டேமேஜ்ட்', 1981. வாஷிங்டனில் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்த ரசிகர் ஹென்றி ராலின்ஸ் அந்த ஆண்டுதான் இவர்களின் நான்காவது பாடகரானார். போலீஸையும் ஊரையும் திட்டிப் பாடப் பலர் உண்டு. இவர் தன்னையே பிடித்து உலுக்குகிறார். பதினேழு வயதில் அந்தக் குரல் நம்முடையதாகவே கேட்கும், அதுதான் ஈர்ப்பு. பெற்றோருக்கு எதிரான இசைத்தட்டு என்று ஒரு பெரிய கம்பெனி விநியோகிக்க மறுத்தபோது, அந்த வசையையே ஸ்டிக்கராக அச்சடித்து அட்டையில் ஒட்டி விற்றார்கள். (எனக்கு மிகவும் பிடித்த விளம்பரம்.)

4. நான்கு கறுப்புக் கட்டைகள் கொண்ட குழுச் சின்னம் போட்ட பனியனை, பாட்டைக் கேட்ட பிறகு வாங்குங்கள். பறக்கும் கொடி அது. வரைந்தவர் ஜின்னின் தம்பி ரேமண்ட் பெட்டிபான்.

5. கடைசியாக 'மை வார்', 1984. வழக்குத் தகராறில் சிக்கித் தங்கள் பெயரில் இசைத்தட்டு போட முடியாமல் கிடந்துவிட்டு வந்தவர்கள், வேகமாகத்தானே பாய வேண்டும்? ஆனால் இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாட்டு, ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், சேற்றில் கால் இழுத்து நடப்பது போல. வேகத்துக்காக வந்த ரசிகர்கள் கடுப்பானார்கள். என் கணக்கில் அவர்கள் செய்ததிலேயே மூர்க்கமானது அந்தப் பக்கம்தான். வேகப் பாட்டில் அடி விழுந்ததும் கடந்துவிடுகிறது. இதில் அடுத்த அடிக்குக் காத்திருக்க வைக்கிறார்கள். மெல்வின்ஸ் குழுவினர் இந்த மெதுவான பாணியைப் பிடித்துக்கொண்டார்கள், பாடகர் கர்ட் கோபேன் 'மை வார்'ஐத் தனக்குப் பிடித்த ஆல்பங்களில் சேர்த்தார். பாதியில் நிறுத்தத் தோன்றினால் நிறுத்துங்கள். அடுத்த மாதம் மறுபடி போட்டுப் பாருங்கள்.