ஜீவனாம்ச நிலுவையை வசூலிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

விவாகரத்து முடிந்தது, ஜீவனாம்ச உத்தரவும் வந்தது, பணம்தான் வரவில்லை. மதுரை குடும்ப நல நீதிமன்றம் தானாக வசூலித்துத் தரும் என்று காத்திருக்காதீர்கள். மனுப் போட்டால்தான் வசூல் வாரண்ட்.

எந்தச் சட்டத்தில் உத்தரவு?

சான்றிட்ட நகல் வாங்கிப் பாருங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆவது பிரிவு (2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 144) என்றால் வாரண்ட் கேட்டு மனு. இந்து திருமணச் சட்டம் 25-ஆவது பிரிவு என்றால் சிவில் டிகிரிபோல நிறைவேற்று மனு.

ஒரு வருடக் கெடு

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 125-இல் வந்த தொகைக்கு, அது கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். மாதம் 6,000 ரூபாய், 15 மாதம் பாக்கி என்றால் மொத்தம் 90,000. இன்று மனுப் போட்டால் கடைசி 12 மாதத்து 72,000-க்குத்தான் வாரண்ட் கிடைக்கும். "தீபாவளி போனஸ் வரட்டும், மொத்தமா தர்றேன்" என்ற பேச்சு கெடுவை நிறுத்தாது. நோட்டில் மாதம், தொகை, வந்தது, பாக்கி என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். பாஸ்புக் நகலும் இணையுங்கள். முன்னாள் கணவர் அவ்வப்போது ஜிபேயில் போட்ட ஆயிரம், ஐந்நூறையும் மறைக்காதீர்கள். மறைத்தது வெளிப்பட்டால் வழக்கே வலுவிழக்கும்.

சம்பளமும் சொத்தும்

சம்பளக்காரர் என்றால் வேலை சுலபம். ஜீவனாம்ச டிகிரிக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. மீதியை ஜப்தி செய்யலாம். மேலூரிலோ வாடிப்பட்டியிலோ அவர் பெயரில் நிலம் இருந்தால் வில்லங்கச் சான்று எடுத்து மனுவோடு வையுங்கள். மாமனார் சுயமாக வாங்கிய நிலத்தில் கை வைக்க முடியாது.

ஆள் திருப்பூருக்குப் போய்விட்டால்?

125 உத்தரவை அவர் இருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கேட்கலாம்.

சிறைக்குப் போனால் கடன் தீருமா?

தீராது. வாரண்டுக்கும் கட்டாதவருக்குத் தரும் சிறை என்பது கட்ட வைக்கும் வழி மட்டுமே, கட்டியதற்குச் சமம் ஆகாது என்று குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1988-இல் சொல்லிவிட்டது. "ஒரு மாசம் உள்ளே இருந்துட்டு வந்துட்டேன்" என்றாலும் பாக்கி அப்படியே நிற்கும்.

வக்கீல் செலவு

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவுப்படி, பெண்ணுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். அடுத்த மாதப் பாக்கி ஏறும்வரை தள்ளிப்போட வேண்டாம்.