நமக்காக நின்றவர்கள், நாம் யாருக்காக நிற்கிறோம்?



இந்த முறை பாடத்துக்கு நம்முடைய மலைநாட்டில் நடந்த ஒரு சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம்.

1936ஆம் ஆண்டு. மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வந்தார். தேயிலைத் தொழில் பழகி, துரையாகலாம் என்று வந்தவர். மடுல்கலைப் பக்கம் றெலுகாஸ் தோட்டத்தில் வேலை பழகினார். அங்கே லயத்தையும், தொழிலாளர் படும் பாட்டையும் கண்ணாலே பார்த்தார். அவர்களோடு நெருங்கிப் பழகினார். அது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. வேலை போயிற்று.

அதோடு கப்பலேறிப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்து, 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்காகப் பேசினார். தேசாதிபதி அவரை நாடு கடத்த உத்தரவு போட்டார். கட்சித் தோழர்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் பெருங்கூட்டம் கூடியது. பொலிஸ் தேடிக்கொண்டிருந்த மனுசன் அந்த மேடையிலேயே வந்து நின்றார்! பிறகு கைது செய்தார்கள். ஆனால் அவரை நாடு கடத்த முடியாது என்று உயர் நீதிமன்றம் அதே மாதம் தீர்ப்புச் சொன்னது.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது என்ன? அவர் நம் இனமில்லை, நம் மொழியுமில்லை. அவரைக் காப்பாற்ற நின்றவர்களில் அநேகர் சிங்களவர்கள். 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நம்மவர்கள் நாடற்றவர்களானபோதும் சமசமாஜ உறுப்பினர்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தார்கள். பிறத்தியார் பாரம் என்று அவர்கள் ஒதுங்கவில்லை.

இனி நம்ம கதைக்கு வருவோம். கொஞ்ச நாளைக்கு முன் ஒரு தோட்டத்தில் சாவு வீட்டுக்குப் போனோம். வந்தவர்களுக்கெல்லாம் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். வாசல் கூட்டுகிற அண்ணனுக்கு மட்டும் ஓரமாக நிற்க வைத்துத் தகரக் குவளை. லயத்துக் கானையும் கக்கூசையும் சுத்தமாக்கி நம் பிள்ளைகளை நோய்நொடியில்லாமல் காப்பவர் அவர்தான். நாங்களும் பார்த்தோம், ஒன்றும் பேசாமல் எங்கள் கோப்பையைக் குடித்துவிட்டு வந்தோம். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

துரைமார் நம்மைத் தள்ளி வைத்தது அநியாயம் என்றால், நாம் ஒருவரைத் தள்ளி வைப்பதும் அநியாயம்தானே?

அடுத்த முறை அந்தத் தோட்டத்துக்குப் போகும்போது முதலில் அந்த அண்ணன் வீட்டுக்குத்தான் போவோம். வெட்கத்தை விட்டு மன்னிப்பும் கேட்போம். அவர் வீட்டில் தேத்தண்ணி தந்தால் குடிப்போம்.

மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் கலந்து பேசுங்கள்:

1. நம் லயத்தில் நல்லது கெட்டதுக்குக் கடைசியாகக் கூப்பிடப்படும் குடும்பம் எது? ஏன்?
2. பிள்ளைகள் இதை யாரிடம் படிக்கிறார்கள்?
3. இந்த மாதம் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து நாம் செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன?