புதிய இயங்குதளமும் பழைய எழுத்துருக் கோப்புகளும் – ஓர் ஆய்வு

முன்னுரை

கணிப்பொறியின் வன்பொருளுக்கும் அதில் நாம் கையாளும் செயலிகளுக்கும் இடையே நின்று, இரண்டையும் இயைத்து நடத்தும் மென்பொருளை இயங்குதளம் என்பர். தமிழ்த் துறையின் மலரில் இயங்குதளம் பற்றிய கட்டுரைக்கு இடம் ஏது எனச் சிலர் வினவக்கூடும். ஓலையில் எழுதிய நம் முன்னோர் ஓலையைப் பதப்படுத்தவும், மஞ்சளும் மையும் தடவிப் பேணவும் அறிந்திருந்தனர். எழுதுபொருளின் இயல்பை அறியாமல் எழுத்தைக் காத்தல் அரிது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் எனலாம்.

நம் துறை மாணவர்கள் 1998ஆம் ஆண்டு தொடங்கி 2003 வரை கள ஆய்வு மேற்கொண்டு தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி ஆகியவற்றைத் திரட்டினர். ஒலிநாடாவில் பதிந்தவற்றைக் கேட்டுக் கேட்டுக் கணிப்பொறியில் தட்டெழுதி, நான்கு குறுந்தகடுகளில் சேமித்தனர். ஒலிநாடாக்கள் பூஞ்சை பற்றிப் பாழாயின. பாடிய மூதாட்டியருள் பலர் இன்று இல்லை. ஆகவே அக்கோப்புகளே எஞ்சிய சான்று. அவற்றைத் திறந்து பார்த்த துறையின் கணிப்பொறியோ பழையது. அதில் இயங்கிவந்த அமைப்புக்கு உரிய பாதுகாப்பு ஆதரவும் நின்றுவிட்டது. புதிய பொறி வாங்குவதற்குரிய தொகை துறையிடம் இல்லை. இந்நிலையில், கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வழங்கல் ஒன்றன் புதிய வெளியீட்டை நிறுவிச் சோதிக்கத் துணிந்தோம். அச்சோதனையில் நாம் கண்டவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

டெபியன்: பெயரும் பிறப்பும்

1983ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடைய மென்பொருள்களை ஆக்கும் முயற்சியைக் ‘குனு’ என்னும் பெயரால் அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ், இயங்குதளத்தின் உட்கருவாகிய லினக்ஸை வெளியிட்டார். உட்கரு மட்டும் இருந்தால் போதாது. அதனோடு ஆயிரக்கணக்கான பிற மென்பொருள்களையும் தேர்ந்து, ஒன்றோடொன்று பொருந்துமாறு கோத்து, நிறுவத்தக்க வடிவில் தருதல் வேண்டும். அவ்வாறு தரப்படுவதே வழங்கல் எனப்படும்.

அத்தகைய வழங்கல்களுள் மூத்தவற்றில் ஒன்று டெபியன். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பயின்ற இயன் மர்டாக், 1993 ஆகஸ்டு 16 அன்று இதனை அறிவித்தார். தம் தோழியும் பின்னாளில் மனைவியுமான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து இதற்குப் பெயரிட்டார். தொடர்மொழி ஈறு கெட்டுப் புணர்ந்தது என நம் இலக்கண மாணவர்கள் வேடிக்கையாகக் குறித்தனர். 2004இல் தோன்றிப் பெரும்புகழ் எய்திய உபுண்டு டெபியனை அடியாகக் கொண்டதே. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ‘டாய் ஸ்டோரி’ என்னும் திரைப்படத் தொடரில் வரும் கதைமாந்தரின் பெயர் சூட்டப்படுகிறது. எந்நேரமும் மாறிக்கொண்டிருக்கும் சோதனைக் கிளைக்கு, அப்படத்தில் பொம்மைகளை உடைத்துப் பார்க்கும் சிறுவன் சிட்டின் பெயரை வைத்திருப்பது நயமானது.

நாம் எடுத்துக்கொண்டது ‘டிரிக்ஸி’ என்னும் 13ஆம் வெளியீடு. இது 2025 ஆகஸ்டு 9 அன்று வெளிவந்தது. முந்தைய 12ஆம் வெளியீடு 2023 சூன் 10இல் வந்தது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலான காலத்தில் தொகுப்புகள் முதலில் சிட் கிளையிலும், பின் தேர்வுக் கிளையிலும் இருந்து பிழை நீங்கியபின் உறைநிலைக்கு வருகின்றன. அதன்பின் புதியன சேர்க்கப்படுவதில்லை. குறித்த நாளில் வெளியிட்டே தீரவேண்டும் என்னும் விரைவு இங்கில்லை. டிரிக்ஸியில் 69,830 தொகுப்புகள் உள்ளன. அவற்றுள் 14,100க்கு மேற்பட்டவை புதியவை. உட்கரு 6.12.

சோதித்த வகை

நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் வசதி இத்தகைய வழங்கல்களின் தனிச்சிறப்பு. பென்டிரைவில் ஏற்றிய படிமத்திலிருந்து கணிப்பொறியைத் தொடங்கினால், இயங்குதளம் முழுவதும் நினைவகத்தில் இயங்கும். வன்தட்டில் உள்ளவை தொடப்படுவதில்லை. அழிந்தால் மீளாத கோப்புகளை வைத்திருப்போர்க்கு இது பெரும் ஆறுதல். படிமத்தைத் தரவிறக்கியபின் அதன் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டோம். 128 எழுத்துகளும் எண்களும் கொண்ட அத்தொடரை ஒரு மாணவி உரக்கப் படிக்க, மற்றொரு மாணவர் திரையில் விரல் வைத்துப் பார்த்தார். கணிப்பொறியே நொடியில் ஒப்பிடும் என்பது பின்னரே தெரிந்தது. எனினும் மூலபாடம் ஒப்புநோக்கும் பயிற்சியாக அதுவும் அமைந்தது.

நாம் சோதித்த பொறி 4 கிகாபைட் நினைவகமும் 64 பிட்டுச் செயலியும் உடையது. ஆகவே மிகுந்த அழகூட்டல் இல்லாத எக்ஸ்எஃப்சிஇ பணிமேடையைத் தேர்ந்தோம். கம்பியில்லா இணைப்பு முதல் முயற்சியிலேயே கிடைத்தது. முன்னைய காலத்தில் டெபியனை நிறுவியோர் பலர் இவ்விடத்தில்தான் இடர்ப்பட்டனர். கம்பியில்லா அட்டைகளுக்கு வேண்டிய நிலைப்பொருள் பெரும்பாலும் கட்டற்ற உரிமத்தில் அமைவதில்லை என்பதால், அது நிறுவிப் படிமத்தில் சேர்க்கப்படாதிருந்தது. கொள்கையைக் காப்பதா, பயனரின் இடரைத் தீர்ப்பதா என்னும் வினாவை டெபியன் தன்னார்வலர்கள் 2022இல் வாக்கெடுப்புக்கு விட்டனர். அதன் பயனாக 12ஆம் வெளியீடு முதல் நிலைப்பொருள் படிமத்திலேயே இடம்பெறுகிறது. அவர்கள் செய்தது சரி என்றே நாம் கருதுகின்றோம். கொள்கைப் பற்றுடைய நம் மாணவர் ஒருவர் மட்டும் இன்றளவும் உடன்படவில்லை.

நிறுவியின் மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. அதனைத் தேர்ந்து நிறுவினோம். நிறுவியபின் பணிமேடையில் கண்ட தமிழ் ஒரு சீராக இல்லை. ஒரு செயலியில் ‘அடைவு’ எனப்படுவது மற்றொன்றில் ‘கோப்புறை’ ஆகிறது. சில பட்டிகளில் ஆங்கிலமே நிற்கிறது. இதற்குக் காரணம் வெளிப்படை. இம்மொழிபெயர்ப்புகளைச் செய்வோர் ஊதியம் பெறாத தன்னார்வலர் சிலர். கலைச்சொல் பற்றிக் கருத்தரங்கம் நடத்தும் நாமோ அப்பணியில் ஒரு சொல்லும் எழுதியதில்லை.

தமிழ் உள்ளீட்டுக்கு ஐபஸ் என்னும் கருவியையும் அதற்குரிய விசைப்பலகைத் தொகுப்பையும் வருவித்தோம். அரைமணி நேரம் தட்டியும் தமிழ் வரவில்லை. ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைதல் வேண்டும் என்பதை அறியாததே காரணம். பின்னர் தமிழ்99 விசைப்பலகை செவ்வனே இயங்கிற்று. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற இப்பலகை, புணர்ச்சி அறிந்தோர் வடிவமைத்தது போலும்! அகரமும் இருமுறை ககரமும் ஆகாரமும் தட்டினால் ‘அக்கா’ எனப் புள்ளி தானே வந்தமர்கிறது. ஙகரத்தை அடுத்துக் ககரம் வரின் ‘ங்க’ ஆகிறது. ‘ககனம்’ என்று எழுதத்தான் இடையே ஓர் அகரம் தட்ட வேண்டும்.

எழுத்துச் சிக்கல்

இனி நாம் வந்த காரியத்துக்கு வருவோம். நான்கு குறுந்தகடுகளுள் மூன்று திறந்தன, ஒன்று திறக்கவில்லை. கோப்புகளை லிபர் ஆபீஸ் செயலி எளிதில் திறந்தது. ஆனால் திரையில் தோன்றியது தமிழன்று. பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். ‘தமிழ்’ என இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ ஆகிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன.

கோப்பு கெடவில்லை. அக்காலத்துப் பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. கணிப்பொறி தன் அளவில் ஆங்கிலத்தையே சேமித்தது. எழுத்துரு அதன்மேல் தமிழ் வேடம் இட்டது. எழுத்துரு நீங்கின் வேடமும் நீங்கும். பழைய எழுத்துருக் கோப்பை உரிய அடைவில் இட்டதும் பாடல்கள் மீண்டும் தோன்றின. மாணவர்கள் கைதட்டினர். ஆயினும் அது தமிழைக் கண்ணுக்குக் காட்டியதே அன்றித் தமிழாக ஆக்கவில்லை. ‘நிலா’ எனத் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. நாளை அவ்வெழுத்துரு கிட்டாதொழியின் அனைத்தும் மீண்டும் குவியலாகும்.

ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையில் தமிழுக்கெனத் தனி இடம் உண்டு. 128 இடங்கள் ஒதுக்கப்பட்டு, அவற்றுள் 72 எழுத்துருக்குறிகளால் நிரம்பியுள்ளன. 247 எழுத்துகளும் இவற்றின் கூட்டால் பெறப்படுகின்றன. இலக்கண மாணவர் இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். நம் மரபில் மெய்யே அடிப்படை. மெய்யோடு அகரம் கூடியே ககரம் பிறக்கும். ஒருங்குறியிலோ ககரம் அடிப்படை. அதனோடு புள்ளி என்னும் தனிக்குறி சேர்ந்தே ‘க்’ ஆகிறது. எனவே ‘தமிழ்’ என்னும் மூவெழுத்துச் சொல் கணிப்பொறிக்கு ஐந்து குறிகளாகும். இவ்வமைப்பில் நிறைவுறாதோர், ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் டேஸ்16 என்னும் முறையை வகுத்தனர். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. இலக்கண நோக்கில் டேஸ்16 முறையே நிறைவுடையது என்பது நம் கருத்து. எனினும் உலகின் கணிப்பொறிகள் அனைத்தும் அறிந்தது ஒருங்குறியே. கோப்புகளைக் காக்க வேண்டின் அதன் வழியே செல்லுதல் வேண்டும்.

ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்ற உதவுகிறது. பழைய முறையில் ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் இறுதியில் எனத் தட்டெழுத்துப் பொறியின் வரிசையில் நிற்கும். ஒருங்குறியில் ககரம் முந்தும், உயிர்க்குறி பின்வரும். நிரல் இவ்வரிசையை மாற்றித் தருகிறது. முதல்நாள் மாற்றிய கோப்புகளை மாணவர் ஒருவர் தற்காலிக அடைவில் வைத்துப் பொறியை நிறுத்திவிட்டார். மறுநாள் காலை அவ்வடைவு வெறுமையாக இருந்தது. அதன் பெயரே எச்சரிக்கை, பிழை நம்முடையதே. மூலம் தனியே இருந்தமையால் ஒருநாள் உழைப்பு மட்டுமே வீணாயிற்று.

இரண்டாம் முறை மாற்றியபோதுதான் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்குறியும் ளகரமும் ஒரே வடிவம், ஒரே எண். ‘மௌனம்’ என்பதன் முற்பகுதியும் ‘மெள நட’ என்பதில் வரும் ‘மெள’வும் கோப்பில் சிறிதும் வேறுபடா. அனைத்தையும் ஔகாரமாக மாற்றுமாறு நிரலுக்கு விதி கூறினால் ‘மௌனம்’ பிழைக்கும். தாலாட்டில் வரும் ‘மெள’ சாகும். விதியை மாற்றினால் மறுதலையாகும். அச்சுத் தமிழாயின் அகராதி கொண்டு தீர்க்கலாம். வட்டார வழக்கில் பாடப்பட்ட பாட்டுக்கு எந்த அகராதி துணைவரும்?

ஆகவே ஐயமுள்ள இடங்களை எல்லாம் நிரலால் பட்டியலிட்டு, அப்பாடல்களைத் திரட்டிய பழைய மாணவியரை அழைத்தோம். ஒருவர் வந்தார்; இன்று அவர் ஒரு பள்ளியின் தமிழாசிரியை. திரையில் தாம் இருபது வயதில் தட்டெழுதிய தாலாட்டைக் கண்டு சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு ஐயத்துக்குரிய அடியை வாய்விட்டுப் பாடினார். பாடியபோது ஓசையே தீர்ப்புச் சொல்லிற்று; அது ‘மெள’ தான். அன்று பிற்பகல் ஐயம் பலவும் அவ்வாறே தீர்ந்தன. இரண்டிடங்களில் அவருக்கும் நினைவில்லை. அவற்றை வினாக்குறியோடு அப்படியே விட்டுள்ளோம்.

பழைய பொறி

துறையில் மற்றொரு கணிப்பொறியும் உண்டு; 32 பிட்டுச் செயலி உடையது. டிரிக்ஸி அதில் தொடங்கவே இல்லை. 32 பிட்டுக் கணிப்பொறிகளுக்குரிய உட்கருவும் நிறுவியும் இவ்வெளியீட்டில் இல்லை என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். இதன் பின்புலத்தில் காலக் கணக்கு ஒன்றும் கூறத்தக்கது. இவ்வகை இயங்குதளங்கள் 1970 சனவரி 1 முதலான நொடிகளை எண்ணியே நாள் அறிகின்றன. 32 பிட்டில் அவ்வெண் 2,147,483,647ஐக் கடக்க இயலாது. 2038 சனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அது நிரம்பிவிடும். டிரிக்ஸியில் பிற 32 பிட்டுக் கட்டமைப்புகளைக் காலத்துக்கு 64 பிட்டு தரும் முறைக்கு மாற்றியவர்கள், பழைய மென்பொருள்கள் இயங்கும்பொருட்டுத் தனிக்கணிப்பொறிக்குரிய 32 பிட்டு வகையை மட்டும் பழைய கணக்கிலேயே விட்டுள்ளனர்.

பழைய பொறியைக் கைவிட மனமின்றி அதில் 12ஆம் வெளியீட்டை நிறுவி, இணைய இணைப்பை நீக்கிவிட்டோம். குறுந்தகடு படிக்கும் கருவி அதில் மட்டுமே ஒழுங்காக உள்ளது. திறக்காத நான்காம் தகட்டை அதில்தான் நாள்தோறும் இட்டு முயன்று வருகின்றோம். இதுவரை பாதி அளவே படிக்க இயன்றது.

அத்தகட்டில் இருப்பவை பெரும்பாலும் ஒப்பாரிப் பாடல்கள். அவற்றைத் திரட்டிய மாணவர்களுள் எவரேனும் இம்மலரைக் காண நேரின், தம்மிடம் உள்ள குறிப்பேடுகளுடன் துறைக்கு ஒருமுறை வந்து செல்லுமாறு வேண்டுகின்றோம்.