பதனீரும் திராட்சை மதுவும்

சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றுவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். இதனையே நொதித்தல் என்கிறோம். திராட்சைச் சாறு மதுவாவதும், பனஞ்சாறு கள்ளாவதும் இதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் மார்னிங்டன் தீபகற்பத்தில் குடும்பத்தினரே நடத்தும் திராட்சைத் தோட்டங்கள் பல உண்டு. மூன்று புறமும் கடல் சூழ்ந்த குளிர்ந்த நிலம் அது. அங்கே பழம் மெல்ல முதிர்கிறது. அதிலுள்ள மாலிக் அமிலம் வெப்ப நிலங்களிற்போல் விரைந்து குறைவதில்லை. அப்புளிப்பே அவ்வூர் மதுவின் சிறப்பு. அக்குடும்பங்கள் நொதித்தலுக்காகக் காத்திருக்கின்றன.

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, உடன்குடித் தேரி நிலத்திலும் குடும்பத் தொழில் உண்டு. இங்கே பனையே பயிர், வெயிலோ கடுமை. பாளையில் வடியும் சாறு சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. ஆகவே இக்குடும்பங்கள் நொதித்தலைத் தடுக்க விரைகின்றன. கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பின் காரத்தன்மை ஈஸ்ட்டைப் பெருகவிடாது. சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கும்; மிகுந்தால் காரல் நாவில் தங்கும். இறக்கிய பதனீரைப் பெண்கள் உடனே காய்ச்சிக் கருப்பட்டியாக்குகின்றனர்.

என் தந்தை பனையேறி. பள்ளி சென்றறியாதவர். நான் ஆய்வகத்தில் அமிலகார அளவியால் அறிவதை அவர் விரல் நுனியால் அறிகிறார். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அவருக்குப் பின் எங்கள் வீட்டில் பனையேற ஆளில்லை. நான் ஏறுவதை அவரும் விரும்பவில்லை. அவர் விரலறிந்த அளவை அளந்து எழுதிவைப்பதேனும் படிக்க வந்த என் கடமையன்றோ!