இழுப்பு நோயும் கைப்பேசியும்

ஆஸ்துமா என்னும் இழுப்பு நோயில் மூச்சுக்குழலின் உட்சுவர் வீங்கிக் காற்று வழி குறுகுகிறது. இதற்குரிய இன்ஹேலர் மருந்துகள் இருவகைப்படும். ஒன்று இழுப்பு எழும்போது வழியை விரைவில் திறப்பது. மற்றொன்று வீக்கத்தைத் தணிக்க நாள்தோறும் எடுப்பது. சுகம் கண்டதும் பலர் பின்னதை நிறுத்திவிடக் காண்கிறோம். உள்வீக்கம் நீங்காதிருக்க, நெல் தூற்றும் தூசியே நோயைக் கிளப்பப் போதும்.

இதற்குக் கைப்பேசி நற்றுணையாகும். மருத்துவர் குறித்த வேளைகளுக்கு அதில் மணி வைத்துக்கொள்க. மருந்தை இழுத்து, 10 விநாடி மூச்சடக்கி, பின் வாய் கொப்பளிக்க வேண்டும். விரைவு மருந்து எடுத்த நாட்களையும் அதில் குறித்து வருக. வாரம் இருமுறைக்கு மேற்பட்டால் மருத்துவரிடம் காட்டுக. பேச முடியாமல் திணறினால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

எழுத்தறியாதாருக்கு மணி வைத்துக் கொடுப்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் கடமையாகக் கொள்ள வேண்டுகிறோம்.