உடற்பயிற்சிச் சைக்கிளும் உழைப்பின் அளவும்

உழைப்பால் உடலை வளர்த்தல் நன்றென்பதை மறுப்பார் இலர். ஆயினும், எவ்வளவு உழைத்தல் நன்று என்பதை எண்ணிப் பார்ப்பார் சிலரே. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் முதற் குறளிலேயே, மிகையும் குறையும் ஆகிய இரண்டும் நோய் விளைப்பன என்றார். அதற்கு உரை கண்ட பரிமேலழகர், உணவேயன்றிச் செயலும் அவரவர் உடலியல்புக்கு ஒத்த அளவினதாதல் வேண்டுமெனக் கொண்டனர். இவ்வுண்மையை, நின்ற இடத்தினின்றும் நகராத உடற்பயிற்சிச் சைக்கிளின்மேல் வைத்து ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்குக் காரணம் எங்கள் இல்லத்து நிகழ்ச்சியொன்று. பாலக்கோட்டில் தக்காளி வாணிகம் செய்யும் என் பெரியப்பா 50 வயதினர். அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டத்தின்படி வீடு தேடி வந்த ஊழியர் சோதித்தபோது, அவருக்கு நீரிழிவு உண்டென்பது புலனாயிற்று. உடற்பயிற்சி செய்யுமாறு மருத்துவர் பணித்தனர். அவரும் பழைய உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்றை வாங்கினார்; இளமையில் தக்காளிக் கூடைகளை ஏற்றி மிதித்த நினைவால், முதல் நாளே திருகை இறுக்கி விரைந்து மிதித்தார். சிறிது பொழுதில் கண் இருண்டு திண்ணையிற் சாய்ந்தார். மறுநாள் முதல் அச்சைக்கிள் துணி உலர்த்தப் பயன்பட்டது. மிகையே குறைக்கு வழியாயிற்று!

இனி, அளவை அறியுமாறு யாங்ஙனம்? சைக்கிளின் முகப்பிலுள்ள எண்களை நம்பலாமோ எனின், அது சாலாது. ஒரு சைக்கிளின் 4ஆம் இறுக்கம் மற்றொன்றின் 4ஆம் இறுக்கத்திற்கு ஒப்பன்று. ஒரே சைக்கிளும் ஒரே மனிதனுக்கு, உறக்கம் குறைந்த நாளிலும் வெயில் மிகுந்த நாளிலும் கடினமாகத் தோன்றும். ஆகலின் அளவுகோல் மிதிப்பவன் உடலிலேயே உளது. அது மூவகைப்படும்.

முதலாவது நாடி. 220இலிருந்து வயதைக் கழித்தால், ஒரு நிமிடத்தில் இதயம் துடிக்கக்கூடிய பேரெல்லை உத்தேசமாகக் கிடைக்கும். 50 வயதினர்க்கு அது 170. அதில் நூற்றுக்கு 64 முதல் 76 பங்கு வரை மிதமான உழைப்பென்பர்; அஃதாவது 109 முதல் 129 துடிப்பு. மிதித்தலை நிறுத்தியவுடன் மணிக்கட்டில் விரல் வைத்து, 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குக.

இரண்டாவது பேச்சு. உழைப்பு மிகுந்துழி இரத்தத்தில் கரியமில வாயு பெருகும். அதனை வெளியேற்ற மூச்சு விரையும். விரையவே சொல்லுக்கு மூச்சு எஞ்சாது. எனவே, பேச முடிந்து பாட முடியாத நிலையே மிதமான உழைப்பு. பாடவும் முடியுமேல் உழைப்பு எளிது. சில சொற்களுக்குமேல் பேச முடியாவிடின் அது கடுமை.

மூன்றாவது உணர்வு. சுவீடன் நாட்டு உளநூற் பேராசிரியர் குன்னார் போர்க் என்பவர், 6 முதல் 20 வரை எண்ணிட்ட அளவுகோலொன்றை வகுத்தனர். 6 என்பது உழைப்பே இன்மை; 20 என்பது உழைப்பின் முடிவெல்லை. அவ்வெண்ணைப் பத்தால் பெருக்கின், உடல்நலமுடையாரின் நாடித் துடிப்பை ஏறத்தாழ ஒக்கும். 12, 13 என்பன மிதமான உழைப்பைக் குறிப்பன.

நிற்க. செய்முறை வருமாறு: மிதி கீழிறங்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்குமாறு இருக்கையை அமைக்க. முதல் 5 நிமிடம் மெல்ல மிதிக்க. பின்னர் இரண்டு நிமிடத்திற்கொருமுறை திருகைச் சிறிது சிறிதாக இறுக்கி, பேச்சு நின்று பாட்டு மறையும் இடத்தில் நிறுத்துக. இறுதி 5 நிமிடம் மீண்டும் மெல்ல மிதித்து ஓய்க. வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் இங்ஙனம் மிதமாக உழைத்தல் நன்றென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்துள்ளது. புதியவர் நாளொன்றுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்குதலும் தகும்.

இதய நோயுடையாரும், சர்க்கரையைக் குறைக்கும் மருந்துண்பாரும் மருத்துவரை வினவிய பின்னரே தொடங்குக. இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் சில மருந்துகள் நாடியை ஏறவொட்டாமல் தடுக்கும். அவர்க்குப் பேச்சே தக்க சான்று. நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக.

கடந்த விடுமுறையில், மருத்துவரைக் கேட்ட பின்னர், யான் பெரியப்பாவின் அருகமர்ந்து அன்றைய தக்காளி விலையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் விலை சொல்லும்வரை மிதிக்கவிட்டேன். சொல் தடுமாறியபோது திருகைத் தளர்த்தினேன். இப்பொழுது அவர் யாரும் அருகிலின்றியே அளவறிந்து மிதிக்கின்றார். பிறர் காலின் வலிமையையோ தம் இளமையின் வலிமையையோ நோக்காது, இன்றைய தம் மூச்சை நோக்கி உழைப்பாரே நெடுநாள் உழைப்பார் என்க.