எடைக்கு வேண்டும் மாதக் கணக்கு

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலும் தி.நகர் நடேசன் பூங்காவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் காலை நடைக்கு வரும் பெண்களிடம் ஒரு புகாரைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். "மூணு வாரமா சாதத்தைக் குறைச்சாச்சு, ஸ்வீட் பக்கமே போகலை, தினமும் நடக்கறேன். ஆனா வெயிட் ஒரு கிலோ ஏறியிருக்கு." அந்தப் பேச்சு பெரும்பாலும் "எனக்கு இந்த டயட்டெல்லாம் ஒத்துவராது" என்றுதான் முடிகிறது. ஒத்துவராதது டயட் என்று நான் நினைக்கவில்லை. அளக்கும் முறைதான் ஒத்துவரவில்லை. மாதவிடாய் வருகிற வயதில் உள்ள பெண்கள் தங்கள் எடையை நேற்றைய எடையோடும் போன வார எடையோடும் ஒப்பிடக் கூடாது. போன மாதச் சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிட வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாதவரை, எந்த உணவுமுறை பலன் தருகிறது, எது தரவில்லை என்பதை அவர்களால் சரியாகத் தெரிந்துகொள்ளவே முடியாது.

எடை மெஷின் கொழுப்பை மட்டும் நிறுப்பதில்லை. எலும்பு, தசை, குடலில் இருக்கும் உணவு, உடம்பிலுள்ள தண்ணீர் எல்லாம் சேர்ந்த மொத்தத்தைத்தான் காட்டுகிறது. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி சாப்பிட்டாக வேண்டும்; அது ஒரு பெண்ணின் கிட்டத்தட்ட நான்கு நாள் சாப்பாடு. ராத்திரி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டதால் காலையில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வழியில்லை. இரண்டொரு நாளில் அப்படி ஏறி இறங்கக்கூடியது தண்ணீர்தான். கருமுட்டை வெளிவந்ததிலிருந்து மாதவிடாய் தொடங்கும்வரை உள்ள சுமார் இரண்டு வாரங்களில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் கூடுகிறது. உப்பைப் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்கிற ஆல்டோஸ்டிரோனின் வேலையை அது தடுக்கிறது. அதை ஈடுகட்ட உடம்பு ஆல்டோஸ்டிரோனை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜனும் உப்பு, நீர் கணக்கில் தலையிடுகிறது. இந்த இழுபறியில் பலருக்கு உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது. சிலருக்கு மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் சேர்ந்துகொள்கின்றன. மெட்டி இறுக்குவதும் மோதிரம் கழல மறுப்பதும் ரவிக்கைக் கொக்கி மாட்டச் சிரமப்படுவதும் இதனால்தான். மாதவிடாய் தொடங்கிச் சில நாட்களில் இந்த நீர் சிறுநீராகப் போய்விடுகிறது.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. கனடாவின் வான்கூவரில் 62 பெண்கள் ஓராண்டு காலம் நீர் கோத்த உணர்வைத் தினமும் குறித்துவைத்தார்கள். 765 சுழற்சிகளின் குறிப்புகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான முடிவின்படி, அந்த உணர்வு உச்சத்தைத் தொட்டது உதிரப்போக்கின் முதல் நாளில். பீரியட்ஸ் வந்துவிட்டதே, இனி எடை இறங்கியிருக்க வேண்டுமே என்று அன்றைக்கு மெஷினில் ஏறுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கிரேக்க ஆய்வாளர்கள் 42 பெண்களை அளந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நாட்களில் எடை சராசரியாக 450 கிராம் கூடியிருந்தது. செல்களுக்கு வெளியே உள்ள நீரும் கிட்டத்தட்ட அதே அளவு கூடியிருந்தது. சராசரி அரை கிலோ என்றால் ஒருவருக்கு எதுவுமே ஏறாது, இன்னொருவருக்கு ஒன்றரை கிலோகூட ஏறும். உங்களுக்கு எவ்வளவு என்பதை எந்த ஆய்வும் சொல்லாது. மூன்று மாதம் நீங்களே எழுதிவைக்கும் குறிப்புதான் சொல்லும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தினமும் தேவையைவிட 400 கலோரி குறைவாகச் சாப்பிடும் ஒரு பெண் வாரத்துக்கு 2,800 கலோரி மிச்சப்படுத்துகிறார். அதாவது சுமார் 360 கிராம் கொழுப்பு கரைகிறது. ஒழுங்கான, உடம்பைக் கெடுக்காத டயட்டின் வேகம் இதுதான். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் அவர் உடம்பில் ஒரு கிலோ நீர் கோத்தால், மெஷின் 640 கிராம் ஏறியதாகக் காட்டும். நீர் வடிந்த வாரத்தில் 1 கிலோ 360 கிராம் இறங்கியதாகக் காட்டும். உண்மையில் இரண்டு வாரமும் கரைந்தது அதே 360 கிராம்தான். ஏறிய வாரம் மனதைச் சோர்வாக்குவதை எல்லோரும் பேசுகிறார்கள். இறங்கிய வாரமும் அதே அளவு ஏமாற்றுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. அந்த வாரம் பூங்கா வாசலில் அருகம்புல் சாறு குடித்திருந்தால், எடை குறைந்தது அதனால்தான் என்று தோன்றும். கொள்ளு ரசம், வாழைத்தண்டுச் சாறு, ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு விட்டது என்று எது அந்த வாரத்தில் நடந்ததோ அதற்கு அந்தப் புகழ் போய்ச் சேரும். அடுத்த மாதம் அதே சாறு 'வேலை செய்யாமல்' போகும். டயட்டை மாற்றி மாற்றி அலைகிறவர்களில் பலர் இந்தப் பொய்க் கணக்கில் சிக்கியவர்கள் என்றே நான் நம்புகிறேன்.

செய்ய வேண்டியது எளிது. உதிரப்போக்கு தொடங்கும் நாளை ஒன்று என்று வையுங்கள். காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், பாய் விரிக்காத சமதளத் தரையில் மெஷினை வைத்து நிறுங்கள். எடைக்குப் பக்கத்தில் அது சுழற்சியின் எத்தனையாவது நாள் என்றும் எழுதுங்கள். நீர் வடிந்து உடம்பு லேசாகும் ஆறாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை பலருக்கு நம்பகமான நாட்கள். அதில் மூன்று காலைகளின் சராசரியை அடுத்த மாதம் அதே நாட்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். அதே நாட்களில் இடுப்பையும் டேப்பால் அளந்துவிடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனம் தேவை என்பது நம் மருத்துவர்கள் வைத்திருக்கும் வரம்பு. உப்புசம் உள்ள நாளில் அளந்தால் டேப்பும் பொய் சொல்லும்.

ஒரு மாதம் காத்திருந்தால், தவறான டயட்டில் அந்த மாதம் வீணாகிவிடாதா என்று கேட்கலாம். முதல் மாதம் மட்டும்தான் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு எட்டாம் நாளை எட்டாம் நாளோடும், இருபத்திரண்டாம் நாளை இருபத்திரண்டாம் நாளோடும் ஒப்பிடலாம். ஆக ஒவ்வொரு வாரமும் ஒரு நியாயமான ஒப்பீடு கிடைக்கும். அடிக்கடி எடை பார்ப்பவர்களுக்கே எடை நன்றாகக் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றனவே என்பது இன்னொரு கேள்வி. அது உண்மை, தினமும் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. குறித்துவையுங்கள், அன்றைக்கே தீர்ப்பு எழுதாதீர்கள். அந்த எண் மனதை வாட்டுகிறது என்றால் இருபதாம் நாளிலிருந்து அடுத்த சுழற்சியின் ஐந்தாம் நாள்வரை மெஷினைத் தொடாமல் இருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் 'தண்ணீர்தான்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இது ஒரு சாக்காகிவிடாதா? மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்குப் பசியும் இனிப்பு ஆசையும் கூடுகின்றன, உண்ணும் அளவும் சற்றுக் கூடுகிறது என்பதால் இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் நான் சொல்லும் முறை அந்தச் சாக்கைத்தான் முதலில் பறிக்கிறது. நீர் என்றால் ஆறாம் நாளுக்குள் வடிந்திருக்கும். போன மாத எட்டாம் நாளைவிட இந்த மாத எட்டாம் நாள் எடை கூடியிருந்து, அடுத்த மாதமும் அதுவே தொடர்ந்தால், அது தட்டிலிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பசி கூடும் நாட்களை முன்கூட்டியே தெரிந்துவைத்தால் அதற்கு வழியும் செய்யலாம். ஒரு கிண்ணம் சுண்டல், கொஞ்சம் வேர்க்கடலை, ஒரு டம்ளர் மோர் என்று மாலைக்குத் திட்டமிட்டுச் சேர்த்துக்கொள்வது, வைராக்கியமாக இருந்து ராத்திரி மிக்ஸர் டப்பாவைக் காலி செய்வதைவிடப் பல மடங்கு மேல்.

சுழற்சியே ஒழுங்காக வராதவர்கள் என்ன செய்வது? பிசிஓஎஸ் என்னும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களுக்கும் மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குகிறவர்களுக்கும் எட்டாம் நாள், இருபத்திரண்டாம் நாள் என்ற கணக்கு உதவாது. அவர்கள் நான்கு வார எடைகளின் சராசரியை அதற்கு முந்தைய நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிட்டு, இடுப்பளவுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம். பிசிஓஎஸ் உள்ளவர்கள் உடல் எடையில் 5 சதவீதம் குறைத்தாலே பலருக்குச் சுழற்சி சீராகத் தொடங்குகிறது. அவர்களுக்கு எடை மெஷினைவிட நாட்காட்டி நல்ல செய்தி சொல்லும்.

நீரைக் குறைக்க அவசரப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும், டாக்டர் சொல்லாமல் சிறுநீர் பெருக்கும் மாத்திரை போடுவதும் கூடாது. சென்னை வெயிலில் முதலாவதே ஆபத்து; இரண்டாவது பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையே பாதிக்கலாம். அப்படி வெளியேறுவது நீர்தான், கொழுப்பு அல்ல. உப்பில்தான் நம் கையில் சற்று இடம் இருக்கிறது. ஒருவர் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2017–18 தேசியக் கணக்கெடுப்பில் இந்தியச் சராசரி 8 கிராம். ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர்மிளகாய், கருவாடு, ஓட்டல் சாம்பார் எல்லாம் இதில் அடக்கம். ஒருநாள் பத்தியம், மறுநாள் விருந்து என்று இருந்தால் உப்பும் மாவுச்சத்தும் ஆளுக்கொரு பக்கம் நீரை இழுத்து மெஷினைக் குழப்பும். தினமும் ஒரே அளவாகக் குறைத்த உப்பு, கணக்கையும் தெளிவாக்கும், ரத்த அழுத்தத்துக்கும் நல்லது.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பொய்யான ஒரு கிலோவுக்குப் பெண்கள் கொடுக்கும் விலை உண்மையானது. ஏறிய எடையைப் பார்த்துப் பயந்து சாப்பாட்டை நிறுத்துவது உதிரப்போக்கு நாட்களிலும் நடக்கலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், எடை குறைக்க வேண்டிய பலருக்கே இரும்புச்சத்தும் போதாமல் இருக்கக்கூடும் என்பது விளங்கும். கீரை, பயறு, முட்டை, மீன் எதையும் அந்த வாரத்தில் கழிக்கக் கூடாது. பட்டினி நீண்டால் மாதவிடாயே நின்றுபோகலாம். மூன்று மாதம் வராமல் போனாலோ, சுழற்சிக்குத் தொடர்பில்லாமல் சில நாட்களில் இரண்டு கிலோ ஏறிக் கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

எடைக் குறைப்பின் பலன் வருடக் கணக்கில்தான் தெரியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 578 பேரை வைத்து மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு மையம் எமரி பல்கலைக்கழகத்தோடு நடத்திய டி-கிளிப் ஆய்வில், உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றி, தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை நோய் மாத்திரையும் கொடுத்ததில், மூன்றாண்டு முடிவில் நோய் வரும் வாய்ப்பு 32 சதவீதம் குறைந்திருந்தது. அவ்வளவு காலம் நிலைத்து நிற்க வேண்டிய ஒருவரை ஒரு திங்கட்கிழமை எண் கலைத்துவிடக் கூடாது. எடையைச் சுழற்சி நாளோடு சேர்த்துப் பார்க்கும் பொறுப்பைப் பெண்கள் மேல் மட்டும் சுமத்துவதும் நியாயமில்லை. வாராவாரம் எடை பார்த்து, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கும் ஜிம்களும் டயட் ஆலோசகர்களும் தங்கள் அட்டையில் சுழற்சி நாளுக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். ஆண் பயிற்சியாளரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் ஓர் எண்ணை எழுதினால் போதும். அந்தக் கட்டம் இல்லாத அட்டையைக் கொடுத்தால், ஓரத்தில் நீங்களே எழுதுங்கள். அதைப் படித்த பிறகு பேசச் சொல்லுங்கள்.